வலக் கண் பார்வை குறைந்த பின் இடத் தோளுக்கு மாறிச் சுடப் பழகுவது எப்படி?

நீள்குழல் எழுதியது:

10 மீட்டர் ஏர் ரைபிளும், 50 மீட்டரில் படுத்த நிலையில் சுடுவதும் என் நெடுநாள் ஈடுபாடு. இதுவரை வலத் தோள், வலக் கண் என்றே சுட்டு வந்திருக்கிறேன். சென்ற ஆண்டு வலக் கண் விழித்திரையின் இரத்த நாளம் ஒன்றில் அடைப்பு ஏற்பட்டு, நடுப்பகுதியில் நீர் கோத்துக்கொண்டது. சிகிச்சைக்குப் பிறகு வீக்கம் வடிந்துவிட்டாலும், நேர்ப்பார்வையின் நடுவில் ஒரு மங்கல் தங்கிவிட்டது. அன்றாட வேலைகளுக்கு அது பெரிய தடையாக இல்லை. ஆனால் குறி பார்க்க உதவும் பின் சைட்டின் துளை வழியே பார்க்கும்போது, குழல் முனையில் உள்ள முன் சைட்டின் வளையம் ஒரு பக்கம் நெளிந்து தெரிகிறது. அதற்குள் நிற்க வேண்டிய கறுப்பு வட்டம் விளிம்பு கரைந்து சாம்பல் நிறமாகிவிடுகிறது. அந்த வட்டத்தைச் சுற்றியுள்ள வெள்ளை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ரைபிளில் குறி வைப்பதன் அடிப்படை. ஆகவே இந்தக் கண்ணை நம்பி இனிச் சுட இயலாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

இடக் கண் நன்றாக இருக்கிறது. சுடுவதைத் தொடரலாம் என்று மருத்துவரும் கூறிவிட்டார். தோளை மாற்றத்தான் வேண்டுமா, அல்லது வலத் தோளிலேயே வைத்துக்கொண்டு இடக் கண்ணால் பார்க்க வழி உண்டா என்பதுதான் என் முதல் கேள்வி. மாற்ற வேண்டும் என்றால் எதிலிருந்து தொடங்குவது, புதிய ஸ்டாக் (தோளிலும் கன்னத்திலும் பொருந்தும் கட்டைப் பகுதி), புதிய ஜாக்கெட் என்று எப்போது செலவு செய்வது என்பனவும் எனக்குத் தெளிவாகவில்லை. இந்த மாற்றத்தைக் கடந்து வந்தவர்களும் கற்பித்தவர்களும் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கண்ணாடிமேசை எழுதியது:

நான் பார்வை அளவியல் துறையில் இருக்கிறேன், பிஸ்டலும் சுடுகிறேன். தோளைப் பற்றிப் பயிற்றுநர்கள் எழுதுவார்கள். அதற்கு முன் கண்ணைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லிவிட விரும்புகிறேன், ஏனெனில் தேவையில்லாமல் பக்கம் மாறியவர்களையும், மாற வேண்டிய காலத்தில் மாறாமல் ஆண்டுக்கணக்கில் போராடியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பார்வை குறைந்ததற்கான காரணம் என்ன என்பதைப் பொறுத்தே முடிவு அமைய வேண்டும். கண்புரையால் மங்கியிருந்தால் அவசரப்பட்டுப் பக்கம் மாறக் கூடாது. அறுவை சிகிச்சைக்குப் பின் பெரும்பாலானவர்களுக்குப் பழைய கண்ணே மீண்டும் பயன்படும். நாற்பது வயதுக்கு மேல் முன் சைட் தெளிவாகத் தெரியவில்லை என்றால் அது பெரும்பாலும் வெள்ளெழுத்து. தூரப் பார்வைக்கான அளவோடு சுமார் அரை டயாப்டர் (வில்லைத் திறனின் அலகு) கூட்டிய வில்லை ஒன்றே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கு நேர்ந்திருப்பது விழித்திரையின் மையத்திலேயே ஏற்பட்ட பாதிப்பு. கோடு நெளிந்து தெரிவதை எந்தக் கண்ணாடியாலும் நேராக்க முடியாது. நிலைமை பல மாதங்களாக மாறாமல் இருக்கிறது என்று உங்கள் மருத்துவர் உறுதி செய்திருந்தால், வேறு கண்ணுக்கு மாறுவது சரியான முடிவே.

அடுத்தது, முதன்மைக் கண். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு முக்கோண இடைவெளி அமைத்து, தொலைவிலுள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் அதன் வழியே பாருங்கள். பிறகு கண்களை மாற்றி மாற்றி மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே முதன்மைக் கண். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது வலக் கண். கூர்மையான பார்வை உள்ள கண்தான் முதன்மைக் கண்ணாக இருக்கும் என்று கட்டாயம் இல்லை. உங்களைப் போல் மையப் பார்வை குறைந்தவர்களிடம்கூட மூளை சில காலம் பழைய கண்ணையே நாடும். ஆகையால் தொடக்கத்தில் இடக் கண்ணால் குறி பார்க்கும்போது வலக் கண்ணின் மங்கிய காட்சி குறுக்கிட்டுத் தொந்தரவு செய்யலாம்.

அதற்காக வலக் கண்ணை இறுக மூடாதீர்கள், கறுப்புத் துணியாலும் மறைக்காதீர்கள். ஒரு கண்ணை மூடினால் முகத் தசைகள் இழுபடுவதோடு, திறந்திருக்கும் கண்ணின் பாவையும் (ஒளி புகும் நடுத்துளை) விரிகிறது. இரண்டு பாவைகளும் ஒன்றாகவே இயங்குவதே அதற்குக் காரணம். பாவை விரிந்தால் காட்சியின் கூர்மை குறையும். ஒளியை விட்டுப் படத்தை மட்டும் மறைக்கும் பால்வெள்ளை நிற மறைப்பே ஏற்றது. போட்டிகளில் 30 மி.மீ. அகலத்துக்கு மேற்படாத மறைப்பு அனுமதிக்கப்படுகிறது.

குறிநிலை எழுதியது:

ரைபிள் பயிற்றுநர் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் கூறுகிறேன். வலத் தோளில் வைத்து இடக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. பின் சைட்டுக்குப் பின்னால் பொருத்தும் பிரிஸம் அல்லது கண்ணாடிச் சாதனம், காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்தி மறு கண்ணுக்குக் கொண்டு சேர்க்கும். உருப்பெருக்கும் வில்லை அதில் இல்லாதவரை, வலத் தோளில் வைத்து இடக் கண்ணாலோ, இடத் தோளில் வைத்து வலக் கண்ணாலோ பார்ப்பவர்களுக்குப் பன்னாட்டு ரைபிள் விதிகள் அதை அனுமதித்திருக்கின்றன. பதிவு செய்வதற்கு முன் நடப்பு விதிநூலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இன்னும் பல ஆண்டுகள் சுட எண்ணியிருக்கும் ஒருவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒளி குறைகிறது, கண் நிற்க வேண்டிய இடம் மேலும் குறுகிவிடுகிறது, தலை சற்றே அசைந்தாலும் காட்சி துளையை விட்டு விலகிப் போகிறது. ஏர் ரைபிள் இலக்கின் பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. குறுக்களவு உள்ள ஒரு புள்ளி. அந்த அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால், தலையின் எடை கன்னத்தின் வழியே முழுவதுமாகச் சீக் பீஸில் (ஸ்டாக்கில் கன்னம் பதியும் பகுதி) இறங்கியிருக்க வேண்டும், கழுத்து தளர்ந்திருக்க வேண்டும், கண் நேராகத் துளைக்குப் பின்னால் தானாகவே வந்து நிற்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே பக்கத்துக் கண்ணும் தோளும் சேரும்போதுதான் இயல்பாக அமைகின்றன. எனவே மாறுங்கள் என்பதே என் கருத்து.

மாறும்போது நீங்கள் எல்லாவற்றையும் இழந்துவிடுவதில்லை. ஒரு கை கற்றதில் ஒரு பகுதி மறு கைக்கும் சென்று சேர்கிறது என்பது 1894ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் பதிவான செய்தி. மூச்சை எங்கே நிறுத்துவது, எந்த நொடியில் சுடாமல் துப்பாக்கியை இறக்கிவிடுவது, காற்றை எப்படிப் படிப்பது ஆகிய அறிவு அப்படியே உங்களிடம் இருக்கிறது. இல்லாதவை மூன்று: இடக் கை ஆள்காட்டி விரலின் நுண்ணுணர்வு, புதிய பக்கத்தில் உடல் எடையைத் தாங்கும் சமநிலை, இடக் கன்னத்தின் தோல் 'இதுதான் சரியான இடம்' என்று அறியும் பழக்கம். இவற்றில் கன்னமே கடைசியாகக் கற்கிறது என்பது என் நெடுநாள் கவனிப்பு.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டியது பாதுகாப்பு. உங்கள் வலக் கை ஆள்காட்டி விரல், சுட முடிவு செய்யும்வரை டிரிகர் வளையத்துக்கு வெளியே நிற்கப் பழகியிருக்கிறது. இடக் கை விரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஏர் பிஸ்டலில் டிரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ரைபிளில் அப்படிக் குறைந்தபட்ச வரம்பு இல்லாததால் பலர் நூறு கிராமுக்கும் குறைவாக வைத்திருக்கிறார்கள். பழக்கமில்லாத விரல் அத்தகைய டிரிகரில் பட்டால், நீங்கள் நினைப்பதற்கு முன்னமே துப்பாக்கி வெடித்துவிடும். ஆகவே டிரிகரின் எடையைக் கூட்டிவையுங்கள். குண்டு இல்லாத துப்பாக்கியை எடுப்பது, தோளில் பொருத்துவது, இறக்குவது, தாங்கியில் வைப்பது ஆகியவற்றை, விரல் வெளியே நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து உறுதி செய்து பழகுங்கள். விரல் தானாக வெளியே நிற்கும்வரை குண்டு போட வேண்டாம்.

அதன் பிறகு, மேசை மீதோ தாங்கி மீதோ துப்பாக்கியின் எடையை வைத்துத் தொடங்குங்கள். கண்களை மூடிக்கொண்டு இடத் தோளில் பொருத்தி, கன்னத்தை இறக்கி, மூச்சை விட்டுத் தளர்ந்த பிறகு கண்ணைத் திறங்கள். துளை நேராகத் தெரியாமல் நிலா வடிவில் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், தலையை நகர்த்தி அதைச் சரிசெய்யாதீர்கள். சீக் பீஸையும், தோளில் பதியும் பட் பிளேட்டையும் நகர்த்துங்கள். தலையை நகர்த்திச் சரிசெய்யும் பழக்கம் இந்தக் கட்டத்தில் படிந்துவிட்டால் பிற்பாடு அதைக் களைவது மிகக் கடினம். துளை நேராக வந்த பிறகு டிரை ஃபயர், அதாவது குண்டு இல்லாமல் டிரிகரை அழுத்திப் பழகுவது. அதுவும் வெற்றுச் சுவரை நோக்கி, டிரிகர் விழும்போது முன் சைட் அசைகிறதா என்று மட்டும் பார்ப்பதற்காக. பிறகு வட்டம் அச்சிடாத வெள்ளை அட்டையை நோக்கிக் குண்டு போட்டுச் சுடுங்கள். எண் கண்ணில் படாதபோது உடல் விரைவாகக் கற்கிறது. குண்டுகள் ஓரிடத்தில் சேரத் தொடங்கிய பிறகே அச்சிட்ட இலக்கு.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரு கைக்கும் பொருந்தும் ஸ்டாக் உள்ள ரைபிள் ஒன்றைத் துப்பாக்கி சுடும் மன்றத்திலிருந்து இரவலாகப் பெற்றுத் தொடங்குவது நல்லது. கையுறை வலக் கைக்கு உரியதாக உடனே தேவைப்படும். ஜாக்கெட் விஷயத்தில் சமரசம் செய்ய முடியாது. முழங்கைத் திண்டும், துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் வாரான ஸ்லிங்கின் கொக்கியும் எதிர்ப்பக்கக் கையில் இருப்பதால், வலக்கைக்காரருக்குத் தைத்ததை இடப்பக்கம் சுடுபவர் அணிந்தால் அது உடலை இழுத்துக் கோணலாக்கும். ஆனால் உடல் நிலை தெளிவாவதற்கு முன் அளவெடுத்துத் தைப்பது வீண் செலவு. சில மாதங்கள் ஜாக்கெட் இல்லாமல் தாங்கியிலும் படுத்த நிலையிலும் பழகுங்கள்.

சுடும் வரிசையில் எந்த இடத்தில் நிற்பது என்பதையும் யோசிக்க வேண்டும். நின்ற நிலையில் வலக்கைக்காரர் வலப்புறம் நோக்கி நிற்பார், நீங்கள் இடப்புறம் நோக்கி நிற்பீர்கள். உங்களுக்கு இடப்பக்கம் வலக்கைக்காரர் ஒருவர் நின்றால் இருவரும் நேருக்கு நேர் முகம் பார்த்து நிற்க நேரும். அது தொடக்கத்தில் கவனத்தைச் சிதறடிக்கும். வரிசையின் இடக் கோடி இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கைப்பிடி எழுதியது:

பயிற்றுநர் ஐயா கூறியது ரைபிளுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் இந்த இழையைப் பிஸ்டல் சுடுபவர்களும் படிப்பார்கள். கண் கெட்டுவிட்டால் கையை மாற்றியே ஆக வேண்டும் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பிஸ்டலில் கன்னம் எதிலும் சாய்வதில்லை. நீட்டிய கையின் முனையில் சைட் இருப்பதால், உடலை இலக்கை நோக்கி இன்னும் சற்றுத் திருப்பி நின்றாலே வலக் கையில் பிடித்த பிஸ்டலை இடக் கண்ணுக்கு முன்னால் கொண்டு வந்துவிடலாம். பாதங்களின் கோணமும் தோள்களின் கோணமும் மாறும், கண்ணாடிச் சட்டத்தில் வில்லையை இடக் கண்ணுக்கு மாற்றிப் பொருத்த வேண்டும், அவ்வளவுதான். பல ஆண்டுகள் பழகிய டிரிகர் விரலை ஒரு கண்ணுக்காகக் கைவிடுவது பெரிய இழப்பு. விரலை விட்டுவிடாமல் நிற்கும் கோணத்தை மாற்றுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

கையே பாதிக்கப்பட்டால் நிலைமை வேறு. அதற்கு நம் விளையாட்டின் வரலாற்றிலேயே ஒப்பற்ற சான்று இருக்கிறது. ஹங்கேரிய ராணுவத்தைச் சேர்ந்த காரோய் டாகாச் 1938இல் பயிற்சியின்போது கையெறி குண்டு ஒன்று வலக் கையில் வெடித்ததால், தாம் சுடும் கையைப் பயன்படுத்த முடியாத நிலைக்கு ஆளானார். அவர் இடக் கையால் சுடப் பழகி, மறு ஆண்டே, 1939இல், தம் நாட்டுப் பிஸ்டல் சாம்பியன் ஆனார். போரின் காரணமாக 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. 1948இல் லண்டனில், 38ஆம் வயதில், 25 மீட்டர் விரைவுப் பிஸ்டலில் 580 புள்ளிகள் எடுத்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். 1952இல் ஹெல்சின்கியில் அதே போட்டியில் மீண்டும் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் இலக்குகள் ஐந்து; கடைசிச் சுற்றில் அவற்றுக்குக் கிடைக்கும் நேரம் மொத்தமே 4 விநாடி. நிதானமாக யோசித்து விரலை அசைக்க அதில் இடமே இல்லை. இடக் கை அந்த வேகத்தில், சிந்தனைக்கு இடமின்றி வேலை செய்யும் அளவுக்குப் பழக்கப்பட்டது என்பதைத்தான் நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

கையை மாற்றுபவர்கள் வலக்கைக் கைப்பிடியை இடக் கையில் பிடித்துப் பழகவே கூடாது. உள்ளங்கைத் தாங்கியும் விரல் பள்ளங்களும் எதிர்ப்புறமாக இருப்பதால், மணிக்கட்டு தவறான கோணத்தில் பழகிவிடும். போட்டிப் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றுக்கு இடக்கைக் கைப்பிடி தனியாகவே கிடைக்கிறது. பிஸ்டலை மாற்ற வேண்டியதில்லை.

தோள்மூட்டு எழுதியது:

என் நிலை இழையைத் தொடங்கியவருக்கு நேர் எதிரானது. கண்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன; வலக் கண்ணே முதன்மைக் கண். ஆனால் வலத் தோள் மூட்டின் தசைநாண் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கிறேன். பின்னுதைப்பு உள்ள துப்பாக்கியை அந்தத் தோளில் வைக்க வேண்டாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். 50 மீட்டரில் படுத்த நிலையில் இடத் தோளுக்கு மாறினால் வலத் தோளுக்கு முழு ஓய்வு கிடைத்துவிடும் அல்லவா?

குறிநிலை எழுதியது:

கிடைக்காது நண்பரே. இதை மருத்துவரிடம் தெளிவாக எடுத்துச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள், ஏனெனில் துப்பாக்கி சுடாத மருத்துவருக்கு இது தானாகத் தோன்ற வாய்ப்பில்லை. இடத் தோளில் வைத்துச் சுடும்போது துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்குவது உங்கள் வலக் கைதான். படுத்த நிலையில் ஸ்லிங் அந்த மேற்கையில்தான் மாட்டப்படுகிறது. துப்பாக்கியின் எடையும் ஸ்லிங்கின் இழுப்பும் இடைவிடாமல் வலத் தோள் மூட்டின் மீது விழும். பின்னுதைப்பு ஒரு நொடியில் முடிந்துவிடும், ஸ்லிங்கின் இழுப்போ ஒரு சுற்று முழுவதும் நீடிக்கும். தையலிட்ட தசைநாணுக்கு எது அதிகக் கேடு என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால் இரண்டு பாரங்களையும் அவர் முன்னால் நீங்கள் வைக்க வேண்டும். ஸ்லிங்கை மாட்டிக் காட்டுவது இன்னும் நல்லது.

நின்ற நிலையில் முழங்கை இடுப்பெலும்பின் மீது ஊன்றுவதால் பாரத்தின் பெரும் பகுதி எலும்பின் வழியே கீழே இறங்கிவிடுகிறது. தாங்கி மீது வைத்துச் சுடுவதோ இன்னும் இலகு. பின்னுதைப்பு மிகக் குறைவான ஏர் ரைபிளில், தாங்கியின் உதவியோடு தொடங்குவதே உங்களுக்கு ஏற்ற பாதை என்று எனக்குப் படுகிறது.

இதே போல் இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்களும் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழேதான் வைக்கப்படுகிறது. வேறு காரணத்துக்காக இடத் தோளுக்கு மாற எண்ணும் ஒருவர், பட் பிளேட் சரியாக அதன் மேல் உட்காருமா என்று முதலில் பார்க்க வேண்டும். இனிமேல் பொருத்திக்கொள்ளப் போகிறவர்கள் எந்தத் தோளில் வைத்துச் சுடுகிறார்கள் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

களிமண்தட்டு எழுதியது:

ஷாட்கன் சுடுபவர்களின் நிலையையும் சேர்த்துவிடுகிறேன். நாங்கள் இரு கண்களையும் திறந்தே சுடுகிறோம். எங்கள் இலக்காக வானில் வீசப்படும் களிமண் தட்டின் வேகத்தையும் தொலைவையும் கணிக்க இரண்டும் தேவை. வலத் தோளில் துப்பாக்கியை வைத்திருப்பவரின் வலக் கண் பலவீனமடைந்து இடக் கண் மேலோங்கினால், அவர் தம்மை அறியாமலேயே குழலைத் தட்டுக்கு இடப்புறமாகக் கொண்டு செல்வார். இடமிருந்து வலம் பறக்கும் தட்டுக்குப் பின்னாலும், வலமிருந்து இடம் பறக்கும் தட்டுக்கு முன்னாலும் அவருடைய குண்டு போகும். பல ஆண்டுகள் நன்றாகச் சுட்டவர் திடீரென ஒரு திசைத் தட்டுகளை மட்டும் தவறவிடத் தொடங்கினால், துப்பாக்கியைக் குறை கூறுவதற்கு முன் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும்.

வலக் கண் நன்றாகவே இருந்து, இடக் கண் குறுக்கிடுவது மட்டுமே சிக்கல் என்றால், கண்ணாடியின் இடப்பக்க வில்லையில், குழல் முனை தெரியும் இடத்தில், ஒளி ஊடுருவும் டேப்பைச் சிறு வட்டமாக வெட்டி ஒட்டினால் போதும். வலக் கண்ணே கெட்டிருந்தால் அந்த டேப்பால் பயனில்லை. அப்போது தோளை மாற்றுவது ஒன்றே நிலையான வழி. வலத் தோளிலிருந்து இடக் கண்ணுக்கு வளைந்து செல்லும்படி ஸ்டாக்கை அமைத்துத் தருபவர்களும் உண்டு. ஆனால் அது கனமாகவும், கையாளக் கடினமாகவும், பின்னுதைப்பின்போது கன்னத்தில் மோதுவதாகவும் இருக்கும் என்பதால் கடைசி வழியாக மட்டுமே அதை நான் கருதுகிறேன்.

மாறுபவர்கள் ஒன்றை உறுதியாகக் கவனிக்க வேண்டும். ஷாட்கனின் ஸ்டாக் நேராக இருப்பதில்லை. வலக்கைக்காரருக்காகச் செய்தது சற்றே வலப்புறம் சாய்ந்திருக்கும். அதை இடத் தோளில் வைத்தால் கண் குழலின் நடுக்கோட்டுக்கு வெளியே நிற்கும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் அந்தக் கோணல் சரியாகாது. ஆகவே ரைபிளுக்குக் கூறியதற்கு மாறாக, இங்கே ஸ்டாக்கைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகு, குண்டு இல்லாத துப்பாக்கியோடு, சுவரும் கூரையும் சேரும் கோட்டின் வழியே குழல் முனையை நகர்த்தியபடி தோளுக்கு ஏற்றும் பயிற்சி. மெதுவாகவே செய்ய வேண்டும். வேகம் தானாக வரும். புதிய தோளின் தோலும் தசையும் பின்னுதைப்பை அறியாதவை என்பதால், போட்டியில் பயன்படும் 24 கிராம் தோட்டாவை விட இலேசானது கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். முதல் நாட்களில் வலித்தால், மனம் வலியை எதிர்பார்த்துக் கண்ணை இமைக்கப் பழகிவிடும்.

வெவ்வேறு நிலையங்களில் நின்று தட்டுகளைச் சுடும் ஸ்கீட் போட்டியாளர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. வலக்கைக்காரர் இடப்புறம் இலகுவாகவும் வலப்புறம் சற்றுச் சிரமத்தோடும் திரும்புவார். பக்கம் மாறினால் இது தலைகீழாகும். இதுவரை உங்களுக்குத் தொல்லை கொடுத்த தட்டுகள் சில இலகுவாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தவை கைநழுவிப் போகும். பாதங்களை வைக்கும் இடத்தை ஒவ்வொரு நிலையத்திலும் புதிதாகவே கண்டறிய வேண்டும்.

இருபக்கம் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. பழைய பக்கத்தை முற்றிலும் விட்டுவிடாமல், வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பக்கமும் சுட்டு வந்தால் முதுகுத் தண்டுக்கு நல்லது என்றும், இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று உதவும் என்றும் என் பயிற்றுநர் கூறுகிறார். நின்ற நிலையில் ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் வளைந்து நிற்பதால் ஏற்படும் முதுகுவலியை நானே அனுபவித்திருக்கிறேன்.

குறிநிலை எழுதியது:

முதுகைப் பற்றிக் கூறியதை ஏற்கிறேன். எதிர்ப்பக்கம் துப்பாக்கியைத் தூக்கி நிற்பதை உடற்பயிற்சியாக நல்ல உடல்நிலையில் உள்ள இளம் வீரர்களுக்கு நானும் கொடுக்கிறேன். ஆனால் கண் கெட்டதால் மாறுகிறவருடைய நிலை அதுவல்ல. பழைய பக்கம் திரும்பும்போதெல்லாம் கன்னமும் விரலும் பழைய வசதியை நினைவு கூர்கின்றன. புதிய பக்கத்தின் தடுமாற்றம் அதற்கு எதிரே பெரிதாகத் தோன்றுகிறது. இடக் கையால் எழுதப் பழகுகிறவர் நடுநடுவே வலக் கைக்குப் பேனாவை மாற்றிக்கொண்டால் எழுத்து எப்போது திருந்தும்? புதிய பக்கம் நிலைபெறும்வரையாவது பழைய பக்கத்தில் சுட வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முதுகுக்கு வேண்டிய பயிற்சியைத் துப்பாக்கி இல்லாமலும் செய்யலாம்.

நீள்குழல் எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. சில மாதங்களுக்குப் பிறகு மீண்டும் எழுதுகிறேன். பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

மன்றத்தின் இருகை ஸ்டாக் உள்ள ரைபிளில் தொடங்கினேன். டிரிகர் எடையைக் கூட்டியது மிகச் சரியான அறிவுரை. முதல் வாரங்களில் இடக் கை விரல் டிரிகரைத் தேடி அலைந்தது, நான் கவனித்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. வியப்பு என்னவென்றால், சுட முடிவு செய்யும் நொடியில் துப்பாக்கியைத் தாங்கிக்கொண்டிருக்கும் வலக் கையின் ஆள்காட்டி விரலும் இலேசாக மடங்குகிறது. பழைய கட்டளை பழைய விரலுக்கும் போய்ச் சேர்கிறது போலும். அந்தச் சிறு அசைவால் குண்டுகள் மேலும் கீழுமாக நீண்ட கோடாக விழுந்தன. பயிற்றுநர் ஐயாவிடம் தனியாகக் கேட்டபோது, தாங்கும் கையின் விரல்களை ஸ்டாக்கின் மீது சுற்றாமல் விரித்துத் தளர்வாக விடச் சொன்னார். அதன் பிறகு கோடு சுருங்கி வட்டமாகிவிட்டது.

வலக் கண்ணின் குறுக்கீடு பால்வெள்ளை மறைப்பால் பெரிதும் நீங்கியது. ஆயினும் சுற்றின் பிற்பகுதியில், களைப்பு ஏறும்போது, தலை தன்னையறியாமல் இடப்புறம் சாய்ந்து வலக் கண்ணைத் துளைக்குப் பின்னால் கொண்டு செல்ல முயல்கிறது. அதை உணர்ந்தவுடன் துப்பாக்கியை இறக்கிவைத்து, கண்ணை மூடி, மறுபடியும் முதலிலிருந்து கன்னத்தைப் பொருத்துகிறேன். 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் இருப்பதால் இதற்கு நேரம் போதுமானதாகவே இருக்கிறது.

கன்னம் கடைசியாகக் கற்கும் என்று எழுதியிருந்தீர்கள். அது அப்படியே நடக்கிறது. மற்றவை வந்துவிட்டன, அது மட்டும் இன்னும் ஒவ்வொரு குண்டுக்கும் சற்று வேறுபடுகிறது. என் மதிப்பெண் பழைய பக்கத்தின் அளவை எட்டவில்லை. ஆனால் கறுப்பு வட்டம் மீண்டும் விளிம்போடு தெளிவாக, வெள்ளை வளையத்தின் நடுவே நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி மதிப்பெண்ணைப் பொறுத்ததல்ல.

இப்போது ஜாக்கெட் தைக்கலாமா? மண்டியிட்ட நிலையையும் தொடங்கலாமா?

குறிநிலை எழுதியது:

கன்னம் நிலைபெறாதவரை நின்ற நிலைக்கு அளவெடுக்காதீர்கள். சீக் பீஸ் நகர்ந்தால் தலையும், தலை நகர்ந்தால் முதுகின் வளைவும் மாறும். இன்னும் சில வாரங்கள் பொறுங்கள். மண்டியிட்ட நிலையை இப்போதே தொடங்கலாம். இனி உருளைத் திண்டு இடக் கணுக்காலுக்குக் கீழே வரும். அந்தக் கணுக்கால் இதுவரை உடல் எடையைத் தாங்கியதில்லை என்பதால் மரத்துப்போகும். திண்டில் நிரப்பியிருப்பதைக் குறைத்து மென்மையாக்கி, குறுகிய நேரத்திலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

கண்ணாடிமேசை எழுதியது:

உங்கள் முன்னேற்றத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இரண்டு வேண்டுகோள்கள். நாள அடைப்பு ஒரு கண்ணில் வந்தவர்களுக்கு மறு கண்ணிலும் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் நீரழுத்தம் ஆகிய மூன்றையும் கட்டுக்குள் வைத்து, இடக் கண்ணையும் உரிய காலத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இடக் கண்ணின் நடுவில் திடீரென மங்கலோ, கோடுகளில் நெளிவோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

அடுத்தது, இனி உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் கண் ஒன்றுதான். ஏர் ரைபிளின் ஈயக் குண்டு இலக்குப் பெட்டியில் பட்டுச் சிறு துண்டாகத் தெறித்துத் திரும்புவதுண்டு. ஒரு பக்கம் மட்டும் வில்லை பொருத்திய போட்டிக் கண்ணாடியோடு நிறுத்திவிடாமல், பாலிகார்பனேட் வில்லை போட்ட, பக்கங்களையும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியைக் களத்தில் இருக்கும் நேரம் முழுவதும் அணிந்திருங்கள். பக்கத்து இடத்தில் மற்றவர் சுடும்போதும், இலக்கு அட்டையை மாற்றும்போதும்கூட. போட்டியின்போது அதே பொருளால் ஆன வில்லையையே சட்டத்தில் பொருத்தித் தரச் சொல்லலாம். அளவு எழுதும்போதே கண்ணாடி செய்பவரிடம் கூறிவிடுங்கள்.